எட்டு முழ வேட்டி: ஒரு லாப நஷ்டக் கணக்கு

பி.காம். படித்தவன் கையில் எதைக் கொடுத்தாலும் கணக்குப் போட்டுவிடுவான். என் மகளுக்கு நாலு மாதம் ஆனபோது நான் உட்கார்ந்து கணக்குப் போட்டது, அவள் பின்பக்கம் துடைக்கிற சமாசாரத்துக்கு!

'வைப்ஸ்' என்கிறார்கள் அதை. புதிதாக அப்பா ஆனவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. இனிமேல் ஆகப்போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஈரமாக, லேசான வாசனையோடு, பாக்கெட்டிலிருந்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கும் துண்டு. பார்த்தால் காகிதம் மாதிரி இருக்கும். காகிதம் இல்லை. பெரும்பாலும் பாலியெஸ்டரும் விஸ்கோஸும் கலந்து, தறியில் நெய்யாமலே இழைகளைப் பின்னிப் பிணைத்துச் செய்தது. நம்ம டெரிகாட்டன் சட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி.

எங்கள் தெரு மெடிக்கல் ஷாப்பில் 72 துண்டு கொண்ட பாக்கெட் 160 ரூபாய். மகாராணிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 9 துண்டு. ஆக, ஒரு பாக்கெட் 8 நாள். மாதம் 600 ரூபாய். வருஷத்துக்கு 46 பாக்கெட், 7,360 ரூபாய். துடைத்துத் தூக்கி எறிவதற்கு மட்டும்! கால்குலேட்டரை இரண்டு தடவை தட்டிப் பார்த்தேன். அதுவும் அதையேதான் சொன்னது.

பணத்துக்காக மட்டும் நான் களத்தில் இறங்கவில்லை. குழந்தையின் தொடையிடுக்கில் சிவந்து, தொட்டாலே வீறிட ஆரம்பித்தாள். ராத்திரி மூன்று பேருமே தூங்கவில்லை. குழந்தை டாக்டர் பார்த்துவிட்டு, "டயப்பரை அடிக்கடி மாத்துங்க. வாசனை ஐட்டம் எல்லாத்தையும் நிறுத்துங்க. வெறும் தண்ணி, பருத்தித் துணி. மூணு நாள்ல குறையலைன்னா மறுபடி வாங்க" என்றார்.

ஈரத் துணி மாசக்கணக்கில் கெடாமல் இருக்க வேண்டும் என்றால் அதில் பூஞ்சையும் கிருமியும் வளரவிடாத ரசாயனம் ஏதாவது சேர்த்தாக வேண்டும். அப்படிச் சேர்த்தவற்றில் ஒன்று மெத்தில்ஐசோதயசோலினோன். (ஒரே மூச்சில் சொல்பவருக்கு ஒரு காபி!) அமெரிக்கன் கான்டாக்ட் டெர்மடைட்டிஸ் சொசைட்டி என்ற தோல் டாக்டர்கள் சங்கம், 2013-ல் இதற்கு 'இந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று பட்டமே கொடுத்தது. உடம்பில் தடவிக் கழுவாமல் விடுகிற அழகு சாதனங்களில் இதைச் சேர்க்கக்கூடாது என்று ஐரோப்பிய யூனியன் போட்ட தடை 2017-ல் அமலுக்கு வந்தது. பல கம்பெனிகள் அதை விட்டுவிட்டன. நம் பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்பதைப் பின்பக்கப் பொடி எழுத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான் பொடி எழுத்தோடு போராடுவதைப் பார்த்து அம்மா கேட்டாள்: "இதுக்கா இவ்வளவு ஆராய்ச்சி? உன்னை வளர்த்ததே உங்கப்பாவோட பழைய வேட்டியிலதான்டா!"

யுரேகா!

அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டி ஒன்று பீரோவில் இருந்தது. பத்து வருஷம் துவைத்துத் துவைத்துப் பூவாகியிருந்தது. புது வேட்டி இதற்கு ஆகாது. கஞ்சி இருக்கும், முரடாக இருக்கும், தண்ணீரையும் சரியாக உறிஞ்சாது. பழைய வேட்டியிலும் ஒரு ஜாக்கிரதை வேண்டும். பார்க்கப் பருத்தி மாதிரியே இருக்கும், உள்ளே பாலியெஸ்டர் கலந்திருக்கும். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். காகிதம் மாதிரி எரிந்து சாம்பல் ஆனால் பருத்தி. உருகி மணி மாதிரி உருண்டால் கலப்படம். அதை ஸ்கூட்டர் துடைக்க வைத்துக்கொள்ளலாம்.

கரையை முதலில் வெட்டி எறியவேண்டும். ஜரிகை குழந்தையின் தோலில் கீறிவிடும். மீதியை 20 சென்டிமீட்டருக்கு 40 என்று வெட்டி, நோட்டுப் புத்தகம் மாதிரி இரண்டாக மடித்தால் சதுரம். கிழிசல், மஞ்சள் கறை எல்லாம் போக எனக்குத் தேறியது 36 துண்டு. தெருமுனை டெய்லர் துண்டுக்கு 3 ரூபாய் வாங்கிக்கொண்டு ஓரம் அடித்துக் கொடுத்தார். "எதுக்கு சார், கர்ச்சீப்பா?" என்று கேட்டார். "கிட்டத்தட்ட" என்றேன். மொத்தச் செலவு 108 ரூபாய். வேட்டி இல்லாதவர்கள் பழைய பனியனை வெட்டலாம். பின்னல் துணி என்பதால் நூல் பிரியாது, டெய்லர் செலவும் மிச்சம்.

இதை ஊறப்போட எண்ணெய், ஷாம்பு, வாசனைத் தைலம் என்று சமையல் குறிப்பு மாதிரி ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். காதில் வாங்காதீர்கள். கொதிக்கவைத்து ஆறிய வெறும் தண்ணீர் போதும். டாக்டர் சொன்னதும் அதைத்தான். ஈரமாக்கி டப்பாவில் அடுக்கி வைப்பதும் கூடாது. கடைச்சரக்கில் இருக்கிற காவல் ரசாயனம் நம்முடையதில் இல்லை. சென்னை வெயிலுக்கு மூடிய டப்பாவில் ஈரத் துணி ஒரு நாளில் வாடை அடிக்க ஆரம்பித்துவிடும். காய்ந்த துணி ஒரு டப்பாவில், வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு ஃப்ளாஸ்க்கில். தேவைப்படும்போது நனைத்துப் பிழிந்தால் ஆச்சு. பெண் குழந்தை என்றால் முன்னாலிருந்து பின்னால்தான் துடைக்க வேண்டும். துடைத்ததும் காய்ந்த துணியால் ஒற்றி, காற்றாட விட்டு, அப்புறம்தான் டயப்பர்.

36 துண்டையும் அடுக்கிக்கொண்டு போய் மனைவியிடம் காட்டினேன். வருஷத்துக்கு ஏழாயிரம் மிச்சம் என்றேன். அவள் ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"நல்லா மெத்துனு இருக்கு... யார் துவைக்கறது?"

அவ்வளவுதான் கேட்டாள். காஸ்ட் அக்கவுன்டன்ஸி பேப்பரில் பத்து மார்க் கேள்வி இது. மெட்டீரியல் காஸ்ட் போட்டாயிற்று. லேபர் காஸ்ட் எங்கே?

பி.காம். எகனாமிக்ஸில் பிகு என்று ஒரு ஆங்கிலேயப் பொருளாதார நிபுணர் வருவார். (பேரே பிகுதான்!) 1920-ல் எழுதிய புத்தகத்தில் ஒரு வேடிக்கை சொல்லியிருக்கிறார். ஒருவன் தன் வீட்டு வேலைக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடுமாம். வேலை அதேதான். சம்பளம் நின்றுபோனதால் கணக்கில் வராது. வகுப்பில் எல்லோரும் சிரித்தோம். கல்யாணத்துக்கு அப்புறம்தான் அது ஜோக் இல்லை என்று தெரிகிறது.

2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்குச் செலவழித்தது ஒரு நாளைக்குச் சராசரி 299 நிமிடம். அந்த வேலை செய்கிற ஆண்கள் 97 நிமிடம். அந்த 97-லும் பால் வாங்கப் போய் டீக்கடையில் நின்ற நேரம் எவ்வளவு என்பது என் சொந்த சந்தேகம்.

எங்கள் வீட்டில் இன்னொரு தேதியும் நெருங்கிக்கொண்டிருந்தது. 2017 சட்டத் திருத்தத்தின்படி மனைவிக்குக் கிடைத்த 26 வார பிரசவ லீவு முடியப்போகிறது. அதற்கப்புறம் காலை எட்டரைக்கு அவள் பஸ் ஸ்டாப்பில் நிற்க வேண்டும். பக்கெட்டில் ஊறுகிற துணிக்கு லீவும் கிடையாது, ஆபீஸும் கிடையாது. ராத்திரி எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவள் தலையில் இதையும் கட்டினால், மிச்சமாகிற 600 ரூபாய் என் மிச்சமல்ல. அவளிடமிருந்து நான் மாதாமாதம் வாங்குகிற கைமாற்று. திருப்பியே தராத கைமாற்று!

"நான்தான்" என்றேன்.

ஆக, பக்கெட் என் பெயருக்கு ரிஜிஸ்டர் ஆனது. வேலை என்னவென்று கேட்டால், பெரிய வித்தை ஒன்றுமில்லை. மூடி போட்ட தனி பக்கெட். கெட்டியானதை முதலில் டாய்லெட்டில் அலசிவிட்டு அப்புறம்தான் உள்ளே போடவேண்டும். சாயங்காலம் நல்ல சுடுதண்ணீரில் கொஞ்சமாக சோப்புத்தூள் போட்டு ஊறவைத்து, கசக்கி, இரண்டு மூன்று தண்ணீர் அலச வேண்டும். அலசல் முக்கியம். தங்கிவிடுகிற சோப்பும் தோலை எரிக்கும். வாசனைக்கு ஊற்றுகிற கண்டிஷனர் வேண்டவே வேண்டாம், துணி தண்ணீர் உறிஞ்சுவதை அது குறைத்துவிடும். பிறகு நேரே வெயில். மழைக்காலத்தில் மின்விசிறிக் காற்றில் காயவைத்து, கடைசி ஈரத்தை அயர்ன் பாக்ஸால் விரட்டலாம். 36 துண்டு எதற்கு என்று ஐப்பசியில் புரியும்.

தினம் 20 நிமிடம் பிடிக்கிறது. மாதம் 10 மணி நேரம். 600-ஐ 10-ஆல் வகுத்தால் மணிக்கு 60 ரூபாய் சம்பாதிக்கிறேன். இன்கம்டாக்ஸ் கிடையாது. கட்டுரை எழுதிச் சம்பாதிப்பதோடு ஒப்பிட்டால் மோசமில்லை, செக் வரும் வரை காத்திருக்க வேண்டியதுமில்லை!

முதல் வாரம் மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது கீழ் வீட்டு அம்மாள் அக்கறையாகக் கேட்டார்: "வீட்ல அவங்களுக்கு உடம்பு சரியில்லையா தம்பி?"

"நல்லா இருக்காங்கம்மா."

அவர் நம்பவில்லை. மறுநாள் ரசம் வைத்துக் கொடுத்தனுப்பினார். அதையும் வரவில் எழுதிக்கொண்டேன்.

மகளுக்கு மூன்றாம் நாளே சிவப்பு இறங்க ஆரம்பித்து, ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. டயப்பரையும் அடிக்கடி மாற்றினோம், துணியையும் மாற்றினோம். எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்து என்ட்ரி போட என்னால் முடியாது. தூங்கினாள், தூங்கினோம். போதும்.

இதற்காகக் கடைப் பாக்கெட்டின் மேல் சத்தியாக்கிரகம் எல்லாம் வேண்டாம். ராத்திரி பஸ்ஸில் திருநெல்வேலி போகும்போது ஃப்ளாஸ்க்கும் பக்கெட்டும் தூக்க முடியாது. வாசனை இல்லாததாக ஒரு பாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் துடைத்ததைக் குப்பைக் கூடையில் போடுங்கள், டாய்லெட்டில் போட்டுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். 2017-ல் லண்டனில் வைட்சேப்பல் என்ற பகுதியின் பாதாளச் சாக்கடையில் 250 மீட்டர் நீளத்துக்கு, 130 டன் எடையில் ஒரு அடைப்பைக் கண்டுபிடித்தார்கள். கொழுப்பும் வைப்ஸும் டயப்பரும் சேர்ந்து கல்லாக இறுகியது. லண்டனுக்கே அந்தக் கதி என்றால், உங்கள் ஃப்ளாட்டின் நாலு அங்குலக் குழாய் எம்மாத்திரம்?

ஆகவே நண்பர்களே, பீரோவின் அடித்தட்டில் பழைய வேட்டி இருந்தால் எடுங்கள். கத்தரிக்கோலைத் தொடுவதற்கு முன்னால் கடைக்குப் போய் மூடியோடு ஒரு பக்கெட் வாங்கி வாருங்கள். அதில் பெயின்ட்டால் உங்கள் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். இன்ஷியலோடு!