இரைச்சல் எங்கிருந்து வந்தது?



மத்ரஸாவில் ஓதிக் கொடுப்பவனுக்கு வானொலிக் கருவியோடு என்ன வேலை என்று நீங்கள் எண்ணக்கூடும். மத்திய அரசின் தேர்வில் தேறி உரிமம் பெற்றோர், தம் இல்லத்திலிருந்தே வானலை வழியாகப் பிறருடன் உரையாடலாம். இதற்கு அமெச்சூர் வானொலி என்று பெயர். 'ஹாம்' என்றும் சொல்வர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, போர்ட் பிளேரில் தங்கியிருந்த ஹாம் அன்பர்கள், தவித்திருந்த உறவினர்களுக்கு நலச் செய்திகளை எட்டச் செய்தனர். அச்செய்தியே என்னை இத்துறைக்கு ஈர்த்தது.

சென்ற ஆண்டு ஓர் இரவு, இஷா தொழுகைக்குப் பின் 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் திருப்பினேன். ஈக்கூட்டம் மொய்ப்பது போன்ற இரைச்சல்! எவர் குரலும் கேட்கவில்லை. மறுநாளும் அவ்வாறே. அந்த வாரந்தான் பக்கத்து வீட்டார் புதிய இன்வெர்ட்டர் பொருத்தியிருந்தார். "அதுதான் காரணம்" என்று நானே தீர்ப்பளித்துவிட்டேன். அதோடு நில்லாமல், பள்ளிவாசல் திண்ணையில் இருவரிடம் அவரைக் குறை கூறியும் விட்டேன்.

பின்னர் அனுபவம் மிக்க ஹாம் அன்பர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "முதலில் உங்கள் வீட்டைச் சோதித்தீர்களா?" அவர் சொன்னபடி கருவியை 12 வோல்ட் பேட்டரியில் இயக்கினேன். வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்தேன். எங்கள் இன்வெர்ட்டரையும் நிறுத்தினேன். இரைச்சல் அடியோடு நின்றது! அடுத்தவர் வீட்டு இன்வெர்ட்டர் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மின்சாரத்தை மீண்டும் கொடுத்து, ஒவ்வோர் அறையாக விளக்குகளைப் போட்டுப் பார்த்தேன். மலிவு விலையில் நானே வாங்கி மாட்டிய எல்.இ.டி. விளக்கை எரியவிட்டதும் இரைச்சல் திரும்பியது. இத்தகைய விளக்குகள் பலவற்றினுள் இருக்கும் சிறு மின்சுற்று, மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி மாற்றுகிறது. அதில் எழும் இரைச்சலைத் தடுக்கும் வடிகட்டி மலிவுப் பொருள்களில் பெரும்பாலும் இருப்பதில்லை. சுவரினுள் ஓடும் மின்கம்பிகளே ஏரியலாகி அதைப் பரப்புகின்றன. செல்போன், மடிக்கணினி சார்ஜர்களும் இக்குற்றம் புரிவதுண்டு.

விளக்கை மாற்றினேன். மடிக்கணினி சார்ஜரின் கம்பியைப் பெரைட் வளையத்தில் சில சுற்றுகள் சுற்றினேன். ஏரியலை மின்கம்பிகளுக்கு அப்பால் நகர்த்திக் கட்டினேன். அல்ஹம்துலில்லாஹ், குரல்கள் தெளிந்தன.

உங்கள் வீட்டு வானொலி இரைந்தாலும் இதே சோதனையைச் செய்யலாம். மத்திய அலையில் நிலையம் ஏதுமில்லாத இடத்தில் பேட்டரி வானொலியை வைத்து, விளக்கின் அருகே கொண்டு சென்றால் குற்றவாளி சிக்கிவிடும். மெயினை அணைத்த பின்னும் இரைச்சல் நிற்காவிடில், அப்போது அண்டை வீட்டாரிடம் இதமாகப் பேசலாம்.

விளக்கை மாற்றியது எளிது. நாவால் செய்த பிழையைத் திருத்துவதே கடினமாயிருந்தது. திண்ணையில் கேட்ட இருவரிடமும் உண்மையைச் சொன்னேன். பிறகு அண்டை வீட்டாரிடம் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவரோ சிரித்துவிட்டு, "அதற்கென்ன ஹஜ்ரத்! ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே அணைத்துக் காட்டியிருப்பேனே!" என்றார்.

தீய எண்ணத்தையும் புறம் பேசுவதையும் விலக்கும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தை எத்தனை முறை பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்திருப்பேன்! அதன் பாடத்தை எனக்கு ஓதிக் கொடுக்க ஒரு சிறு விளக்கு தேவைப்பட்டது. குறை காணும் முன் நம் வீட்டு மெயினை அணைத்துப் பார்ப்போமாக. அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! ஆமீன்.