சீற்றைல் அல்ககோலும் நான் செய்த ஒரு மொழிபெயர்ப்பும்

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி, கடந்த வாரம் ஒரு போத்தலைக் கையில் ஏந்தியபடி என் மேசையருகே வந்து நின்றாள். தலைமுழுகிய பின்னர் கூந்தலில் தடவி அலசிவிடும் கொண்டிஷனர் அது.

"அம்மப்பா, இதில அல்ககோல் கிடக்கு. அது தலைமயிரைக் காய வைச்சு முறிச்சுப்போடும் எண்டு என்ர சிநேகிதி சொன்னவள். எறியட்டோ?"

கண்ணாடியை அணிந்துகொண்டு பின்புறத்தை வாசித்தேன். நீருக்கு அடுத்த இடத்திலே சீற்றைல் அல்ககோல் என்ற பெயர் இருந்தது. முப்பது வருடங்களுக்கு முன்னர் என்னைத் தலைகுனிய வைத்த பெயர் அது. எறியவேண்டாம் என்று மட்டும் அவளிடம் கூறினேன். ஏன் என்பதைச் சொல்ல ஒரு மாலைப்பொழுது தேவைப்பட்டது.

1994ஆம் ஆண்டு கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழில் பெண்கள் பக்கத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக்குப் பொறுப்பாக இருந்த சகோதரி பிரசவ விடுமுறையில் சென்றிருந்ததால் அப்பணி என் தலையில் விழுந்தது. கூந்தல் பராமரிப்பு பற்றி வெளிநாட்டு முகவரகம் ஒன்று அனுப்பியிருந்த கட்டுரையை அவசர அவசரமாகத் தமிழாக்கினேன். அல்ககோல் என்ற சொல் வந்த இடங்களில் எல்லாம் 'மதுசாரம்' என்று எழுதினேன். அத்தோடு நின்றிருக்கலாம். மூலக் கட்டுரை, சிலவகை அல்ககோல்கள் மயிரை உலரச் செய்யும் என்று மட்டுமே கூறியிருந்தது. நானோ பத்தியை நிறைவு செய்வதற்காக, சீற்றைல், ஸ்ரீயறைல் போன்ற மதுசாரங்கள் கூந்தலுக்கும் தோலுக்கும் தீங்கு பயப்பன என்று என் சொந்தக் கைச்சரக்கையும் சேர்த்துவிட்டேன். எவரும் அதைத் தட்டிக்கேட்கவில்லை. பெண்கள் பக்கம்தானே என்ற அலட்சியம் அக்காலத்தில் எல்லா ஆசிரியபீடங்களிலும் இருந்தது. என்னிடமும் இருந்தது.

மூன்று வாரங்களின் பின்னர் புத்தளத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் தங்கியிருந்த முகாம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார். அவருடைய ஒன்றரை வயதுக் குழந்தைக்குக் கை கால் மடிப்புகளில் தோல் வரண்டு வெடித்திருந்தது. வைத்தியர் எழுதிக்கொடுத்த கிறீமைப் பூசி வந்ததில் ஓரளவு சுகம் கண்டிருந்தது. அயலிலுள்ள ஆசிரியை ஒருவர் அந்தக் குழாயில் இருந்த ஆங்கிலத்தை வாசித்து, சீற்றைலும் ஸ்ரீயறைலும் கலந்த அல்ககோல் அதில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். எமது பத்திரிகையில் வாசித்தது தாய்க்கு நினைவு வர, கிறீமை நிறுத்திவிட்டார். குழந்தை இரவெல்லாம் சொறிந்து புண்ணாக்கிக்கொண்டது. "ஆசிரியர் அவர்களே, மதுசாரம் கலந்த மருந்தை என் பிள்ளையின் உடம்பில் பூசலாமா, கூடாதா?" என்பதே அவருடைய கேள்வி.

அன்று மாலையே, கொழும்புப் பாடசாலை ஒன்றில் இரசாயனவியல் கற்பித்துக்கொண்டிருந்த நண்பரிடம் ஓடினேன். அவர் என் கட்டுரையை வாசித்து முடித்துவிட்டு, ஆய்வுகூட அலுமாரியிலிருந்து ஒரு சிறிய போத்தலை எடுத்து என் உள்ளங்கையில் கவிழ்த்தார். வெள்ளை வெளேரென்ற சீவல்கள் விழுந்தன. மெழுகுதிரியைச் சுரண்டினால் வருமே, அப்படி.

"இதுதான் நீர் எழுதின மதுசாரம். குடிச்சு வெறிக்க ஏலுமோ எண்டு பாரும்" என்றார்.

இரசாயனவியலில் அல்ககோல் என்பது ஒரு பொருளின் பெயரன்று, ஒரு குடும்பத்தின் பெயர். காபன் அணுக்களாலான சங்கிலி ஒன்றின் மீது ஒட்சிசனும் ஐதரசனும் இணைந்த ஒரு கூட்டம் தொங்குமாயின் அது அக்குடும்பத்தைச் சேர்ந்துவிடும். சாராயத்திலுள்ள எதனோலுக்கு இரண்டு காபன் அணுக்கள். அது நீருடன் எவ்விகிதத்திலும் கலக்கும், விரைவில் ஆவியாகும், ஆவியாகும்போது எண்ணெய்ப்பசையையும் ஈரத்தையும் கவர்ந்துகொண்டு போகும். சீற்றைல் அல்ககோலுக்கோ பதினாறு காபன்கள். அத்தனை நீளமான வாலோடு அது நீரிலே கரையாது, ஆவியாகிப் பறக்காது. ஏறத்தாழ 49 பாகை செல்சியஸில்தான் உருகும். குணத்தில் அது கொழுப்புக்கும் மெழுகுக்கும் உறவு. ஒன்றுக்குப் பொருந்துவதை மற்றதற்குப் பொருத்தி நான் எழுதியது, ஒரே குடும்பப்பெயர் உள்ளவர் என்பதற்காக அயல்வீட்டுக்காரரைக் கள்வன் என்று எழுதியதற்கு ஒப்பானது.

தலைமயிர் உயிரற்ற புரதம். அதற்கு ஊட்டம் அளிப்பதாகச் சொல்லும் விளம்பரங்கள் எல்லாம் வெறும் அலங்காரப் பேச்சு. ஒவ்வொரு இழையின் மேற்புறத்திலும் மீன் செதில்கள் போன்ற மெல்லிய ஓடுகள் அடுக்கப்பட்டுள்ளன. ஷாம்பூ அழுக்கோடு இயற்கையான எண்ணெய்ப்பசையையும் அகற்றிவிடுவதால் செதில்கள் ஒன்றோடொன்று உராய்ந்து சிக்கெடுக்கின்றன. சேதமுற்ற மயிரின் மேற்பரப்பு எதிர்மின்னேற்றம் கொண்டது. எனவே கொண்டிஷனரில் நேர்மின்னேற்றம் கொண்ட ஒரு பதார்த்தத்தைச் சேர்க்கிறார்கள். அது மயிரில் ஒட்டிக்கொள்கிறது. சீற்றைல் அல்ககோல் அதன் துணையாள். இரண்டையும் சூடாக்கி நீரில் கலந்து ஆறவிட்டால், அவை படை படையாக அடுக்கி, இடையிடையே நீரைச் சிறைப்பிடித்துக்கொள்கின்றன. போத்தலுக்குள் இருப்பதில் பெரும்பகுதி நீராக இருந்தும் அது பாலாடை போலத் தடிப்பாக இருப்பதன் இரகசியம் இதுவே. அலசிய பின்னரும் மெல்லிய படலமொன்று செதில்களின் மேல் தங்கி, உராய்வைக் குறைத்து, சீப்பை வழுக்கிச் செல்ல விடுகிறது. தோலுக்கான கிறீமிலும் அது எண்ணெயையும் நீரையும் பிரியாமல் பிடித்துவைத்து, தோலின் ஈரம் வெளியேறாமல் காக்கிறது. வெகு சிலருக்கு இதனால் ஒவ்வாமை ஏற்படுவதுண்டு. அவர்கள் மருத்துவரிடம் கேட்டு நடக்கவேண்டும். (அரப்பும் எலுமிச்சம்பழமும் தேய்த்து முழுகிய காலத்தில் அம்மா செவ்வரத்தம் இலையை நீரில் கசக்கி வழுவழுப்பாக்கித் தலையில் ஊற்றுவார். அதன் வழி வேறு, ஆனால் அவர் நாடியதும் இந்த வழுக்கலைத்தான்.)

பேத்தியை மிகவும் கவர்ந்தது பெயரின் கதை. அல்ககோல் என்ற சொல் 'அல் குஹ்ல்' என்ற அரபுச் சொல்லின் வழி வந்தது. முஸ்லிம்கள் கண்ணுக்கு இடும் சுறுமாவுக்குரிய பெயர் அது. நுண்ணிய தூளைக் குறித்த சொல், ஐரோப்பியர் கையில் சாரம் என்றாகி, இறுதியில் மதுவின் சாரம் என்று நிலைத்தது. சீற்றைல் என்பதோ திமிங்கிலத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. 1817இல் பிரெஞ்சு இரசாயனவியலாளர் மிஷேல் செவ்ரோல் எண்ணெய்த் திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுக்கப்பட்ட மெழுகைப் பொட்டாசுக் காரத்துடன் சூடாக்கியபோதே இது கண்டுபிடிக்கப்பட்டது. அந்த இனம் நமது திருகோணமலைக் கடலிலும் உண்டு. சர்வதேசத் திமிங்கில ஆணைக்குழு 1982இல் வர்த்தக வேட்டையை இடைநிறுத்தத் தீர்மானித்தது. இன்று பெரும்பாலும் மலேசியத் தமிழர் செம்பனை என்றும் நம்மவர் முள்தேங்காய் என்றும் அழைக்கும் மரத்தின் எண்ணெயிலிருந்தே இதைத் தயாரிக்கிறார்கள். அந்த எண்ணெயில் பத்தில் நான்கு பங்குக்கும் மேல் பதினாறு காபன் கொண்ட கொழுப்பமிலம். நிலத்தடி நீருக்கும் மண்ணுக்கும் கேடு என்று கூறி இலங்கை அரசாங்கம் 2021 ஏப்ரலில் முள்தேங்காய்ச் செய்கையைத் தடைசெய்தது. அதே மரத்தின் மெழுகு போத்தல்களில் வந்துகொண்டுதான் இருக்கிறது.

திருத்தம் வெளியிடவேண்டும் என்று நான் கேட்டபோது, எமது ஆசிரியர் முகம் சுளித்தார். இறுதியில் பக்கத்தின் அடியில் நான்கு வரிகள் கிடைத்தன. பாடநூல்களில் உள்ளவாறு 'அற்ககோல்' என்று எழுதியிருக்கவேண்டியதை மதுசாரம் என்று எழுதியது தவறு என்றும், அந்த மூலப்பொருள் போதை தருவதன்று என்றும் அதில் கூறினேன். நான்கு வரியைத் தேடி வாசிப்பவர் யார்? ஆகவே அந்தத் தாய்க்குத் தனியே நீண்ட கடிதம் எழுதி, வைத்தியர் சொன்னபடி கிறீமைத் தொடரும்படி வேண்டிக்கொண்டேன்.

ஒரு மாதத்துக்குப் பின்னர் தபாலட்டை வந்தது. குழந்தைக்குப் புண் ஆறி வருவதாகவும், மௌலவியும் போதை தராத பொருள் என்றால் தடையில்லை என்று சொன்னதாகவும் எழுதியிருந்தார். கடைசி வரியில் மீண்டும் ஒரு கேள்வி. "மெழுகு போன்றது என்று எழுதியிருந்தீர்கள். அது எந்தக் கொழுப்பிலிருந்து எடுக்கப்பட்டது, மரக் கொழுப்பா மிருகக் கொழுப்பா என்பதை அறியத் தருவீர்களா?"

பத்திரிகையாளனாகிய எனக்குத் தோன்றாத கேள்வி. ஏனெனில் மாட்டுக் கொழுப்பு முதலியவற்றிலிருந்தும் இதை எடுக்கலாம், எதிலிருந்து எடுத்தாலும் லேபலில் பெயர் ஒன்றுதான். குழாயில் இருந்த முகவரிக்கு எழுதினேன். பதில் வரவில்லை. அவருக்கும் அதையே எழுதவேண்டியதாயிற்று.

பேத்தி தன் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதிலும் அந்த விபரம் இல்லை. மின்னஞ்சல் முகவரி இருந்தது. அன்றிரவே கேட்டு எழுதியிருக்கிறாள்.