அளவறிந்து இளைப்பாறுதல்

(பழைய மாணவர் ஒருவர்)

இளைப்பாறுதல் என்பது எம் நாட்டுத் தமிழர் வழக்கில் வேரூன்றிய நல்லதொரு சொல். உத்தியோகத்தை விட்டு நீங்குவதைத் தமிழகத்தார் ஓய்வு பெறுதல் என்பர். ஓய்வு பிறர் தரப் பெறுவது; இளைப்பாறுதலோ தாமே செய்வது. எனினும் இளைப்பு என்பதற்குக் களைப்பு என்பதோடு மெலிவு என்னும் பொருளும் உண்டு. வருவாய் நின்றபின் குடும்பம் மெலியாது ஆறியிருத்தல் எங்ஙனம் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது. கல்லூரி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, விடுதிச்சாலைக் குறும்புகளை எழுதவல்லார் பலர் உளர் என எண்ணி, ஐம்பதைக் கடந்த நண்பர்கள் எம்மைத் தனியே அழைத்து அடிக்கடி வினவும் இப்பொருளையே எடுத்துக்கொண்டோம்.

எம் பாட்டனார் காலத்து யாழ்ப்பாணத்தில் இளைப்பாறுதல் கலக்கமற்ற ஒரு நிகழ்ச்சி. கச்சேரியிலும் தபாற்கந்தோரிலும் புகையிரதப் பகுதியிலும் கடமையாற்றியோரும், மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சேவித்து மீண்டோரும், ஊருக்கு வந்து மாதந்தவறாது கிடைக்கும் உபகாரச் சம்பளத்தில் வாழ்ந்தனர். காலையில் தோட்டம், மாலையில் கோயில், இடையில் வாசிகசாலை என அவர்தம் நாள் ஒழுங்காய் நடந்தது. அரசாங்க சேவையில் உள்ளோர்க்கு அவ்வுபகாரச் சம்பளம் இன்றும் உண்டு. எம்போன்று தனியார் தாபனங்களில் உழைத்தோர்க்கு அஃதில்லை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதியே எமக்குள்ள பெருந்துணை. ஊழியர் தம் சம்பளத்தில் 8 வீதமும், தொழில் கொள்வோர் 12 வீதமும் அதில் இடுவர். ஆண்கள் 55 வயதையும் பெண்கள் 50 வயதையும் எய்தியபின் வேலையை விட்டு நீங்கினால் அத்தொகை ஒருங்கே கைக்கு வரும். மாதந்தோறும் சுரப்பதற்கும் ஒருமுறை வந்து நிற்பதற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

இதனை எம் குடாநாட்டுக் கிணறுகளைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். இங்கே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழைநீர் சுண்ணாம்புக் கற்பாறையினூடே இறங்கி, ஆழத்திலுள்ள உவர்நீரின்மேல் நன்னீராய் மிதக்கின்றது. அளவாக அள்ளினால் கிணறு இனிக்கும். இயந்திரம் பூட்டி ஓயாது இறைத்தால் உவர் மேலேறும். ஏறிய உவர் எளிதில் இறங்காது. துலாவால் இறைத்த முன்னோர்க்கு அந்த அளவு உடம்பின் களைப்பினாலேயே தெரிந்தது. எம் கையில் ஒருங்கே வரும் தொகையும் அத்தகைய நீரே. எவ்வளவு உண்டு என்பதிலும், எவ்வளவு அள்ளுகின்றோம் என்பதே அதன் ஆயுளை நிச்சயிக்கும்.

யாம் 1969இற் பிறந்தோம். கொழும்பில் ஒரு தனியார் தாபனத்திற் கணக்காளராய் இருந்தோம். 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையினரின் ஆகக்குறைந்த இளைப்பாறும் வயதைப் படிப்படியாக 60 ஆக உயர்த்திற்று. அவ்வெல்லை ஊழியருக்குப் பாதுகாப்பேயன்றி விலங்கன்று. முன்னரே நீங்க விரும்புவோனை அது தடுப்பதில்லை. ஊரில் அன்னையார் எண்பதைக் கடந்து தனித்திருந்தார். அறுபது வரை காத்திருப்பின் யாம் ஊர் சேரும் ஆண்டு 2029 ஆகும். அந்தக் கணக்கே எம்மைப் பிற கணக்குகளைப் போடச் செய்தது.

முதலாவது கணக்கு இது. நூறு ரூபா பெறும் ஒருவர் எண்பதைச் செலவிட்டு இருபதை மிச்சம்பிடித்தால், ஓராண்டுச் சேமிப்பு அவர்க்கு மூன்று மாதச் செலவுக்கே போதும். அதாவது நான்காண்டு உழைத்து ஓராண்டு இளைப்பாறலாம். அவரே ஐம்பதைச் செலவிட்டு ஐம்பதைச் சேர்த்தால், ஓராண்டு உழைப்பு ஓராண்டு இளைப்பாறலுக்கு ஆகும். சிக்கனம் இரு கைகளால் உதவுகின்றது: ஒரு கையாற் சேமிப்பைப் பெருக்குகின்றது, மறு கையால் வேண்டிய தொகையைச் சுருக்குகின்றது. சம்பள உயர்வுக்கு அந்த இரண்டாவது கை இல்லை.

இரண்டாவது கணக்கு அமெரிக்காவிலிருந்து வந்தது. வில்லியம் பெங்கன் என்னும் நிதி ஆலோசகர், 1926ஆம் ஆண்டு முதலான அந்நாட்டுப் பங்குகள், பிணைகள் ஆகியவற்றின் வரலாற்றை ஆராய்ந்து, முதலாண்டில் மூலதனத்தின் 4 வீதத்தை எடுத்து, பின்னர் விலையேற்றத்துக்கேற்ப அத்தொகையைக் கூட்டிச் சென்றாலும் 30 ஆண்டுகளுக்குப் பணம் தாங்கும் என 1994இல் எழுதினார். இதன்படி ஆண்டுச் செலவின் 25 மடங்கு மூலதனம் வேண்டும். ஆகவே மாதச் செலவில் ஒரு ரூபா குறைந்தால் வேண்டிய மூலதனத்தில் 300 ரூபா குறையும். கணக்கு அழகியது. ஆயினும் அது அமெரிக்க டொலரின் கணக்கு; இலங்கை ரூபாவின் கணக்கன்று. அதனை அளவுகோலாகக் கொண்டோமேயன்றி அடைக்கலமாகக் கொண்டோமல்லோம்.

வரவு சிறிதாயினும் செலவு அகலாதவிடத்துக் கேடில்லை என்னும் கருத்தைத் திருவள்ளுவர் பொருள் செயல்வகை என்னும் அதிகாரத்தில் வைத்திலர். வலியறிதல் என்னும் அதிகாரத்தின் இறுதிப் பகுதியில் வைத்தார். அரசன் தன் படைவலியையும் பகைவர் வலியையும் நிறுத்துப் பார்ப்பது போலக் குடும்பத்தான் தன் செலவை நிறுத்துப் பார்த்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். செலவறிதல் உலோபமன்று, தன் வலியறிதலே.

எனவே உடனே வேலையை உதறாது, 2020ஆம் ஆண்டு முழுவதையும் ஒத்திகையாக்கினோம். வேலையை விட்டபின் எத்தொகையில் வாழ நினைத்தோமோ அத்தொகையை மாத்திரம் வீட்டுச் செலவுக்கு எடுத்து, எஞ்சிய சம்பளத்தை வங்கியிலிட்டோம். அவ்வாண்டு ஓர் உண்மையைத் தெளிவாய்க் காட்டிற்று. தேநீரிற் சீனியைக் குறைப்பதனாலும் மின்விளக்கை அணைப்பதனாலும் வருவது மிகச் சிறிது. வீட்டு வாடகை, மோட்டார் வண்டி, ஊர் மெச்சச் செய்யும் கொண்டாட்டம் ஆகிய மூன்றுமே பெருந்தொகையை விழுங்குவன. மூன்றையும் விடத் துணிந்தோம். 2021இல் ஊரிலுள்ள ஆறு பரப்பு வளவுக்கு வந்து, வாரத்தில் மூன்று நாள் கணினிவழியே தாபனத்தின் கணக்குகளைப் பார்த்து, அதற்குரிய குறைந்த சம்பளத்தைப் பெற்றோம். 2023இல் அதனையும் விட்டோம். சேமலாப நிதி கைக்கு வரும்வரை இடைப்பட்ட காலத்தை ஒத்திகை ஆண்டின் மிச்சம் தாங்கிற்று. மேட்டு நிலத்திலிருந்து குதிப்பதிலும் படிகளில் இறங்குவது முழங்காலுக்கு நல்லது.

இந்த இறக்கத்தின் நடுவிலேதான் 2022ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டு செப்தெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி விலையேற்றம் 69.8 வீதத்தையும், உணவின் விலையேற்றம் 94.9 வீதத்தையும் எட்டிற்று. எந்த அமெரிக்கக் கணக்கும் இதற்கு விடை கூறாது. வங்கியிலிருந்த ரூபா எண்ணிக்கையிற் குறையாமலே பெறுமதியிற் கரைந்தது. அப்பொழுது கரையாது நின்றவை யாவை எனப் பார்த்தோம். வாடகையற்ற வீடு, கிணற்று நீர், முருங்கை, வாழை, வல்லாரை, பயிற்றங்கொடி, பனந்தோப்பு, சைக்கிள், பழுதானதைத் திருத்தும் கைப்பழக்கம் ஆகியன நின்றன. எரிபொருளுக்காக ஊரே வரிசையில் நின்ற நாள்களில் யாம் சைக்கிளிற் சந்தைக்குப் போய்வந்தோம். வீட்டுத் தோட்டத்தால் ஒருவர் செல்வராகிவிடார். அரிசியும் மருந்தும் அங்கே விளைவதில்லை. ஆயினும் விலை சொல்லப்படாத பொருளுக்கு விலையேற்றமும் இல்லை என்பதை அவ்வாண்டு எமக்கு உணர்த்திற்று.

எளிய வாழ்வைப் பற்றி ஆடவர் எழுதும் கட்டுரைகளிற் பெரும்பாலும் காணப்படாத ஒரு வினாவை எம் துணைவியார் முதலிலேயே எழுப்பினார். குரக்கன் பிட்டு, ஒடியற்கூழ், வீட்டு மிளகாய்த்தூள் என யாம் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தபோது, "இஞ்சாருங்கோ, உங்கட எளிய வாழ்க்கையை ஆர் இடிச்சு அரிச்சுச் சமைக்கிறது?" என்றார். பணத்தைக் குறைக்குமிடத்துப் பல வேளைகளில் உழைப்பு கூடுகின்றது. அவ்வுழைப்பு யார் தலையில் விழுகின்றது என்பதையும் ஐந்தொகையில் எழுதுதல் வேண்டும். ஆகவே தேங்காய் துருவுதல், மா அரித்தல், கீரை ஆய்தல், சந்தைக்குப் போதல், இரவுச் சமையல் ஆகியன எம் பங்காயின. மிளகாய்த்தூளை ஆலையிலேயே திரித்துக்கொள்வதென்று உடன்பட்டோம். மனைவியின் முதுகை ஒடித்து மிச்சம்பிடிப்பது சிக்கனமன்று. கடனை வேறொருவர் பெயரில் எழுதுவதாகும்.

மற்றொன்றும் கூறல் தகும். 1990ஆம் ஆண்டின்பின் பொருளாதாரத் தடைக் காலத்தில் இக்குடாநாட்டில் வாழ்ந்தோர், மின்சாரமின்றி ஜாம் போத்தல் விளக்கிற் படித்ததையும், சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டதையும் மறவார். அக்காலத்தை எளிமையின் பொற்காலம் எனச் சிலர் இப்பொழுது புகழக் கேட்கின்றோம். அஃது எமக்கு உடன்பாடன்று. மருந்தின்றி வருந்தியோரை யாம் அறிவோம். பிறர் பறித்ததனால் வருவது இல்லாமை; தாமே வேண்டாவென விடுவது எளிமை. விட்டதை விரும்பியபோது மீண்டும் பெறத்தக்கவனே எளிமையைப் பற்றிப் பேசத்தக்கவன். அன்றாடக் கூலிக்குச் செல்லும் அயலவரிடம் யாம் சிக்கனம் பேசியதில்லை.

அவ்வாறே சிக்கனத்துக்கும் உலோபத்துக்கும் இடையே ஒரு வேலி வேண்டும். மருந்து, விருந்தினர் உணவு, அயலில் மரணவீடு நிகழின் செய்யவேண்டிய உதவி, நூல் ஆகிய நான்கிலும் குறைப்பதில்லையென வரையறுத்தோம். 1945 முதல் நிலைபெற்ற இலவசக் கல்வியால் எம் மகள் அரச பல்கலைக்கழகத்திற் படித்தாள். அரசாங்க வைத்தியசாலையும் எமக்குக் கைகொடுத்தது. பொதுமக்கள் வரியால் நடைபெறும் இவற்றைப் பயன்கொண்டு முன்னதாக இளைப்பாறுவோன், உழைப்பால் ஏதேனும் திருப்பித் தருதல் கடன். அதனால் ஊர்ச் சங்கத்தின் கணக்குகளை ஊதியமின்றிப் பார்க்கின்றோம். வாரத்தில் இருநாள் வாசிகசாலையில் மாணவர்க்குக் கணக்கியல் சொல்லிக்கொடுக்கின்றோம். சம்பளம் நின்றதேயன்றி வேலை நின்றதில்லை.

ஊரார் வாய்க்கும் சிறிது விடை தரவேண்டியிருந்தது. "என்ன தம்பி, கந்தோரிலை ஏதும் பிழைப்பட்டுப் போச்சோ? இவ்வளவு கெதியாய் விட்டிட்டு வந்திட்டாய்?" என ஒழுங்கை முகப்பில் ஒரு பெரியவர் கேட்டார். அம்மாவோடு இருக்க வந்தோம் என்றோம். அவர் சற்றுநேரம் பேசாது நின்று, "அது சரி" என்று சொல்லிப் போயினார். பதவியை இழந்தவனுக்கு உண்டாகும் நாணம், வந்ததன் காரணத்தை வாய்விட்டுக் கூறக்கூடியவனை நெடுநாள் வருத்துவதில்லை.

அன்னையார் 2024இல் இறைவனடி சேர்ந்தார். மூன்றாண்டு மாலைகளை அவரோடு விறாந்தையில் இருந்து கழித்தோம். எம் ஊரின் எந்தக் கிணறு எவர் காலத்தில் வெட்டப்பட்டது, எந்த மரத்தின் காய் புளிக்கும், எந்த உறவு எப்படி முறிந்தது என்பனவெல்லாம் அம்மாலைகளில் யாம் கேட்டறிந்தவை. 2029ஆம் ஆண்டு வரை உழைத்திருப்பின் எம் வங்கிப் புத்தகம் இன்றிலும் தடித்திருக்கும் என்பதில் ஐயமில்லை. அத்தொகை எவ்வளவு என்பதையும், கணக்காளர் ஆதலின், ஒருமுறை கணித்துப் பார்த்தோம். பெரிய தொகையே. அதைக் கொண்டு அம்மூன்றாண்டுகளில் ஒரு மாலையையேனும் வாங்க இயலாது.

இக்கல்லூரியில் இன்று பயிலும் தம்பிமார்க்கு ஒன்று சொல்லி அமைவோம். முன்னதாக இளைப்பாறுக என யாம் கூறவில்லை. உழைப்பில் மகிழ்வோர் எண்பது வரை உழைக்கட்டும். முதற் சம்பளம் கைக்கு வரும் மாதத்திலேயே ஒரு கொப்பி வாங்கி, எவ்வளவு பெற்றோம் என்பதன் கீழ் எவ்வளவு போதும் என்பதையும் எழுதிவாருங்கள். முதலாவது எண்ணைப் பிறர் நிச்சயிப்பர். இரண்டாவது எண் உங்கள் கையில் உள்ளது. இரண்டுக்கும் இடையே உள்ள வெளியை ஆண்டுதோறும் சிறிது சிறிதாக அகலச் செய்தால், வேண்டிய நாளில் வேண்டியவர் அருகே சென்றிருக்க உங்களுக்கு எவர் அனுமதியும் வேண்டியதில்லை.