அண்டா

ஆடி மாதம் நடுராத்திரியில் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுவார்கள். பெண்கள் போகக் கூடாது. அம்மாவும் அத்தைகளும் மசாலா அரைத்துக் கொடுத்தனுப்புவார்கள். விடிந்ததும் கரி பிடித்த அண்டா வரும், தேய்க்க. ஒன்பது வயதில் "நானும் வரேம்ப்பா" என்றேன். "பொட்டப்புள்ளைக்கு அங்க என்ன வேலை?"

ரோமானியர்களின் மித்ரா வழிபாட்டைப் படித்தபோது அந்த அண்டாதான் நினைவுக்கு வந்தது. படைவீரர்களும் வணிகர்களும் விடுதலையான அடிமைகளும் கூடிய, குகை போன்ற இருட்டறைகள். சுவரில் மித்ரன் காளையைக் கொல்வான்; இருபுறமும் சாய்ந்துண்ணத் திண்ணைகள். ஏழு படிநிலைகளில் இரண்டாவது நிம்ஃபஸ், ஆண் மணமகள் என்று சொல்லலாம். மணமகள்கூட ஆண்தான்! ஆஸ்திரியாவின் விருனுமில் கிடைத்த வெண்கலப் பட்டியலில் 98 பெயர்கள், அத்தனையும் ஆண்கள். பெல்ஜியத்தின் டீனெனில், மித்ரா கோயிலருகே தோண்டிய குழிகளில் ஒரு பெருவிருந்தின் பாத்திரங்களும் ஏராளமான கோழி எலும்புகளும் கிடைத்தன. சமைத்தது யார்? எந்தப் பட்டியலிலும் இல்லை.

வில்லியனூரிலிருந்து ஆற்றோடு போனால் அரிக்கமேடு. ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்த மண். மித்ரன் அங்கே கிடைக்கவில்லை. 1945இல் தோண்டிய வீலர் அதை ரோமானிய வணிகத் தளமாகவே பார்த்தார். 1989 முதல் 1992 வரை தோண்டிய விமலா பெக்லி, ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது என்று காட்டினார். ஒரு பெண் குழிக்குள் இறங்கிப் பார்த்துச் சொன்னது. மாணவிகளிடம் இதை மட்டும் இரண்டு முறை சொல்வேன்.

போன ஆடியிலும் அண்டா வந்தது. இப்போது அம்மா இல்லை. நான் தேய்க்கவில்லை. கிணற்றடியில் கவிழ்த்து வைத்தேன், அங்கேயே கிடக்கிறது.