முதலில் நகல், பிறகு லினக்ஸ்

2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கான ஆதரவு நின்றது. எதிர்வீட்டு நண்பரின் பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஏறாது. "வேற வாங்கிடுங்க" என்றார் கடைக்காரர். மறைந்த மனைவியின் படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன.

"லினக்ஸ் போட்டுப் பார்க்கலாமா சார்?" என்றேன்.

"இலவசம்னா ஏதாவது குறை இருக்குமே!"

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல்தான் குழப்புகிறது. பிரெஞ்சில் காசில்லாதது 'கிராத்துயி', கட்டில்லாதது 'லீப்ர்'. லினக்ஸ் லீப்ர், அதன் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். விளக்கியதும் சம்மதித்தார்.

முதல் வேலையாகப் படங்களைத் தனி டிஸ்கில் நகலெடுத்தோம். பிறகு லினக்ஸ் மின்ட்டைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை இயக்கினோம். நிறுவச் சொல்லாதவரை அது பழைய விண்டோஸை அழிக்காது. ஒரு வாரம் அப்படியே பழகினார். வைஃபை, பிரின்டர், ஒலி எல்லாவற்றையும் அவரே சோதித்தார். மவுஸை நான் தொடவேயில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவருக்குப் பழக்கம் வராது.

எட்டாம் நாள் அவரே நிறுவினார். நகலெடுத்த படங்களைத் திரும்ப ஏற்றி, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்.

புதிதாகத் தொடங்குபவர்களே, வரிசையை மாற்றாதீர்கள்: நகல், பென்டிரைவ், கடைசியில்தான் நிறுவல்.