கடதாசிக் கட்டும் நம் வீடும்

சீட்டு என்றதும் நாம் மாதாமாதம் சேர்ந்து பிடிக்கும் சீட்டை நினைத்துவிடாதீர்கள். நான் சொல்ல வருவது, ஆண்கள் வட்டமாக இருந்து விளையாடும் 52 கடதாசிகளைப் பற்றி.

இந்தக் கடதாசிகள் முஸ்லிம்கள் ஆண்ட எகிப்திலிருந்தே ஐரோப்பாவுக்குப் போயின என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. மம்லூக் காலக் கட்டொன்று இஸ்தான்பூல் தொப்காபி அரண்மனையில் இன்றும் இருக்கிறது. அதில் ராஜா, ராணி உருவங்கள் இல்லை. மலிக், நாயிப் என்று அழகிய அரபு எழுத்துக்கள்தாம். 1377ஆம் ஆண்டிலேயே இத்தாலியின் புளோரன்ஸ் நகரம் இவ்விளையாட்டுக்குத் தடை போட்டது என்றால், அதன் தொல்லை எவ்வளவு பழையது பாருங்கள்!

ஆனால் கடதாசி வேறு வேலைகளும் செய்திருக்கிறது. 1685இல் கனடாவை ஆண்ட பிரெஞ்சுக்காரர், தாய்நாட்டுப் பணம் வந்து சேராதபோது கடதாசிகளில் கையொப்பமிட்டுப் படைவீரருக்குச் சம்பளமாகக் கொடுத்தார்கள். ஒல்லாந்து தேசத்தில், வளர்க்க வழியின்றிக் குழந்தையை விட்டுச் சென்ற தாய்மார் சிலர், கடதாசியை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியைப் பிள்ளையோடு வைத்தார்கள். என்றாவது மீட்க வந்தால் மறுபாதிதான் அடையாளம். எத்தனை பாரம் அந்தத் துண்டுக்கு!

பணமில்லாத இடத்தில் பணமாக நின்ற அதே கடதாசி, நம் வீடுகளில் இருக்கிற பணத்தையும் இல்லாமலாக்குகிறது. எங்கள் தெருவில் ஒரு தாய், மகளுக்கென்று சேர்த்த காப்பு அடகுக்குப் போனதைச் சொல்லி அழுதார். தேநீர்ச் செலவுக்குத்தான் என்று தொடங்கிய ஆட்டமாம்! சூது பகையை மூட்டும், தொழுகையை மறக்கடிக்கும் என்று அல்குர்ஆன் (5:90, 91) எச்சரிப்பதை இதைவிடத் தெளிவாக யார் காட்ட முடியும்?

பந்தயமில்லாத விளையாட்டைப் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டறியுங்கள். பழைய கட்டு வீட்டில் கிடந்தால், படக் கடதாசிகளை நீக்கிவிட்டுச் சின்னவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம். 7க்கு 3, 6க்கு 4 என்று பத்துக்குச் சோடி தேடச் சொல்லுங்கள்.

அன்று சூதாட்டம் சந்தியில் நடந்தது, கண்ணில் பட்டது. இன்று அது கையடக்கத் தொலைபேசிக்குள் புகுந்துவிட்டது. மகன் ஓசையின்றி அறைக்குள் இருக்கிறான் என்று நிம்மதியடையாதீர்கள். என்ன விளையாடுகிறாய், அதில் காசு இருக்கிறதா என்று இன்றே அன்போடு கேளுங்கள். காப்பு அடகுக்குப் போன பிறகு கேட்டு என்ன பயன்?