யாழ் அணியின் வருபலன்

கல்லூரி அன்னையின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வரைந்து தருமாறு மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தனர். பழம் பெருமை பேசுதற்கும், எழுத்தறிவித்த ஆசிரியப் பெருமக்களை நினைவுகூர்தற்கும் எம்மினும் தகுதியுடையார் பலர் உளர். அப்பணியை அவர்கள் செவ்வனே செய்திருப்பர். அளவெட்டியில் இருந்துகொண்டு துடுப்பாட்டம் பார்ப்பதையே ஓய்வுக்காலத் தொழிலாகக் கொண்டுவிட்ட நாம், எமக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றியே எழுதத் துணிந்தோம். லங்கா பிரீமியர் லீக் என்னும் தொழின்முறைத் துடுப்பாட்டத் தொடரின் ஆறாம் பருவத்தில், யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய அணிக்கு விளையப்போவது யாது என்பதே அப்பொருள்.

விளையாட்டுக்கும் வருபலனா என்று நகைப்போர் நகைக்கட்டும். பருவம் பிறக்குமுன் பலன் கூறுவது உலகெங்கும் இரசிகர்க்கு இயல்பான குணம். அமெரிக்காவிலே பேஸ்போல் பருவம் வசந்தகாலத்தில் தொடங்கும். பந்து ஒன்று வீசப்படுமுன்பே எவ்வணி முந்தும், எவ்வணி பிந்தும் என்று பத்திரிகையாளர் முதல் முடிதிருத்துவோர் ஈறாக யாவரும் கணித்து முடித்திருப்பர். யாழ்ப்பாணத்தாராகிய நமக்கு இஃது எவ்வாற்றானும் புதியதன்று. சித்திரை பிறக்குமுன் பஞ்சாங்கம் வாங்கி, மழை எத்தனை மரக்கால், ஆதாயம் எவ்வளவு, விரயம் எவ்வளவு என்று விரல்விட்டு எண்ணிப் பழகிய மக்கள் அல்லமோ நாம்!

நம் நாட்டிற் பஞ்சாங்கமும் ஒன்றன்று, இரண்டு. முன்னோர் யாத்துவைத்த வாக்கியங்களை அடியொற்றிக் கணிப்பது வாக்கிய பஞ்சாங்கம். கோள்களின் நிலையைக் கண்டறிந்த அளவுகளால் திருத்திக் கணிப்பது திருக்கணித பஞ்சாங்கம். புத்தாண்டு பிறக்கும் நேரத்திற்கூட இரண்டும் வேறுபடுதலை ஆண்டுதோறும் காண்கின்றோம். துடுப்பாட்ட இரசிகனுடைய நெஞ்சிலும் இவ்விரு பஞ்சாங்கங்களும் உள என்பது எமது துணிபு. முதலில் வாக்கியத்தைப் பார்ப்போம்.

வாக்கியம் மிக எளிது: "கிண்ணம் யாழ்ப்பாணத்துக்கே." இதற்கு ஆதாரமும் உண்டு. 2020ஆம் ஆண்டு கொவிட் பெருந்தொற்றுக் காலத்தில், பார்வையாளர் எவருமின்றி அம்பாந்தோட்டை மாவட்டத்துச் சூரியவெவ மைதானத்தில் முதற் பருவம் நடைபெற்றது. திசர பெரேரா தலைமை தாங்கிய ஜஃப்னா ஸ்டாலியன்ஸ் அணி, இறுதியாட்டத்தில் காலி அணியை 53 ஓட்டங்களால் வென்றது. அடுத்த ஆண்டு ஜஃப்னா கிங்ஸ் எனப் பெயர் மாறிற்று. பெயர் மாறியும் பேறு மாறவில்லை. 2021இல் அதே காலி அணியை 23 ஓட்டங்களால் வென்றது. 2022இல் கொழும்பு அணியை இரண்டு விக்கெட்டுகளால் வென்றது. 2024இல் சரித் அசலங்கவின் தலைமையில் மீண்டும் காலி அணியையே ஒன்பது விக்கெட்டுகளால் வீழ்த்திற்று. அவ்விறுதியாட்டத்தில் காலி அணியினர் 184 ஓட்டங்கள் எடுத்தும் பயனில்லாமற் போயிற்று. தென்னாபிரிக்க வீரர் ரைலி ரூசோ ஆட்டமிழக்காமல் 106 ஓட்டங்களும், குசல் மெண்டிஸ் ஆட்டமிழக்காமல் 72 ஓட்டங்களும் குவித்து, நாலு ஓவருக்கு மேல் மீதமிருக்கவே ஆட்டத்தை முடித்துவிட்டனர். ஐந்து பருவங்களில் நான்கு கிண்ணம்! இவ்வரலாறு கையிலிருக்க, எம் ஊர்ச் சனசமூக நிலையத்து வாங்கிலிலே பத்திரிகையை விரித்தபடி, "அண்ணை, இந்த முறையும் எங்கடைதானே?" என்று இளைஞர் கேட்பதில் வியப்பில்லை.

இனித் திருக்கணிதம். அமெரிக்கப் பேஸ்போலில் முப்பது அணிகள் உள. ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடும். அத்தனை ஆட்டங்களில் ஒரு நாளின் அதிர்ஷ்டம் மறுநாளின் துரதிர்ஷ்டத்தாற் கழிந்து, வல்லவன் வல்லவனாகவே நிற்பான். நமது தொடரிலோ கடந்த பருவங்களில் அணிகள் ஐந்து. முதற் சுற்றில் ஒவ்வோர் அணிக்கும் ஆட்டங்கள் எட்டே. ஒவ்வோர் ஆட்டத்திலும் ஓர் அணிக்குப் பந்துகள் 120. ஒரு பிடி நழுவினால், ஒரு மழை பொழிந்தால், நாணயம் மறுபக்கம் விழுந்தால் பருவமே திசை மாறிவிடும். 2023ஆம் ஆண்டு இதற்குச் சான்று. வாக்கியம் அவ்வாண்டு பலிக்கவில்லை. நம் அணி நான்காம் இடத்தோடு நின்றது. வனிந்து ஹசரங்க துடுப்பாலும் பந்தாலும் முன்னின்று கண்டி அணிக்குக் கிண்ணத்தை ஈட்டிக் கொடுத்தார். அதே ஹசரங்கதான் 2020இல் யாழ் அணிக்கு ஆடித் தொடர் நாயகன் விருது பெற்றவர் என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளல் தகும்.

கோள்நிலையும் முன்போல் இல்லை. 2025இல் யாழ் அணியினதும் கொழும்பு அணியினதும் உரிமையாளரோடு செய்திருந்த உடன்படிக்கைகளை இலங்கைக் கிரிக்கெட் நிறுவனம் முடிவுறுத்திற்று. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் தொடங்கவிருந்த ஆறாம் பருவமும், 2026ஆம் ஆண்டின் இருபது ஓவர் உலகக் கிண்ணத்துக்கென மைதானங்களை ஆயத்தஞ் செய்தற்பொருட்டுப் பிற்போடப்பட்டது. ஆகவே பழைய அணியை மனத்திற் கொண்டு புதிய பருவத்துக்குப் பலன் சொல்லுதல், சென்ற ஆண்டுப் பஞ்சாங்கத்தைக் கொண்டு இவ்வாண்டு முகூர்த்தம் வைப்பதை ஒக்கும்.

இவ்விரண்டையும் சீர்தூக்கி நாம் கூறும் பலன்கள் வருமாறு.

முதலாவது, யாழ் அணி கடைசி நான்கு அணிகளுள் இடம்பெறும். ஐந்து பருவங்களிலும் அது தவறியதில்லை. ஐந்தில் நான்கு தேறும் தேர்விலே தேறுவது பெருமையாகுமோ என்று எம் கணித ஆசிரியர்கள் வினவலாம். வினா நியாயமானதே. எனினும் பலன் பலனே.

இரண்டாவது, கிண்ணத்தைத் தீர்மானிப்பவர் பெரும்பணம் கொடுத்து அழைக்கப்படும் வெளிநாட்டார் அல்லர், உள்நாட்டு வீரரே ஆவர். களமிறங்கும் பதினொருவருள் வெளிநாட்டவர் நால்வருக்கு மேற்படலாகாது என்பது விதி. எஞ்சும் எழுவர் இலங்கையர். 2020இல் ஹசரங்க, 2021இல் அவிஷ்க பெர்னாண்டோ, 2022இல் சதீர சமரவிக்ரம, 2023இல் மீண்டும் ஹசரங்க என முதல் நான்கு பருவங்களிலும் தொடர் நாயகர் இலங்கையரே. ஆதலால் வீரர் ஏலம் நடைபெறும் நாளில் ரூசோ போன்றோர் எங்கே போகின்றனர் என்று பார்ப்பதினும், நல்ல உள்நாட்டுச் சுழற்பந்து வீச்சாளரையும் முதல் மூன்று இடங்களில் ஆடத்தக்க உள்நாட்டுத் துடுப்பாட்டக்காரரையும் எவ்வணி முதலிற் பற்றுகின்றது என்று பார்க்குமாறு இளைஞர்க்குச் சொல்லுவோம். அவ்வணி இறுதியாட்டத்துக்கு வரும்.

மூன்றாவது, காலி அணி. மூன்று இறுதியாட்டங்களில் நம்மிடமே தோற்ற அணி அது. "மூன்று முறை தோற்றவன் நான்காம் முறை வெல்வான்" என்று அவ்வூரார் கூறுவராயின் அது அவர்தம் வாக்கியம். சுண்டிவிடும் நாணயத்துக்கு முன்னைய தோல்விகள் நினைவில் இரா. ஆயினும், மூன்று முறை இறுதிவரை வந்த அணி வலியற்ற அணியன்று. கிண்ணத்துக்கான நமது தடை இம்முறையும் தென்திசையிலேயே என்பது எமது கணிப்பு.

நான்காவது, கிண்ணம் யாருக்கு? சம வலியுடைய ஐந்து அணிகளாயின் ஒவ்வொன்றுக்கும் ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு. பழகிய வெற்றிக்கும் பற்றுக்கும் இடங்கொடுத்து, யாழ் அணிக்கு மூன்றில் ஒரு பங்கு என்போம். இதற்கு மேற் கூறின் அது பக்தி ஆகும். குறைத்துக் கூறின் ஊருக்குத் துரோகமாகும்.

இத்துணையும் விளையாட்டுப் பேச்சு. இனிக் கூறுவதே எம் நெஞ்சை உறுத்துவது. நான்கு முறை கிண்ணம் வென்ற அவ்வணி, ஐந்து பருவங்களில் ஒரு நாளேனும் யாழ்ப்பாணத்து மண்ணில் ஆடவில்லை. சூரியவெவவிலும் கொழும்பிலும் பல்லேகலையிலும் தம்புள்ளையிலும் ஆடி வென்றது. நாம் தொலைக்காட்சியில் பார்த்துக் கைதட்டினோம். அணிப் பட்டியலில் யாழ் இளைஞர் சிலர் இடம்பெற்றனர். ஆடும் பதினொருவருள் தொடர்ந்து நின்றவர் அரியர். ஊரின் பெயர் ஓரிடத்தும் ஊரார் வேறிடத்தும் இருப்பின் அப்பெயரால் நமக்கு ஆவது என்ன என்று வினவுவோர் உளர். வாடகைக்கு எடுத்த சோடனை என்று அவ்வணியை இகழ்வாரும் உளர்.

அவர்க்கு நாம் அளவெட்டியிலிருந்தே விடை கூறுவோம். இசை வேளாளர் மரபாற் புகழ்பெற்றது எம் ஊர். முன்னாளில் ஈழத்துக் கோயில் திருவிழாக்களுக்குத் தமிழகத்திலிருந்து நாதஸ்வர, தவில் வித்துவான்களைப் பொருள் கொடுத்து அழைப்பது வழக்கம். அவர்களும் ஒருவகையில் வெளிநாட்டு ஆட்டக்காரரே. ஆயின் அவர்கள் வாசித்த பந்தலிலேயே நம்மவரும் வாசித்தனர். விடியவிடியக் கேட்டனர். கேட்டதை மறுநாள் வீட்டிற் சாதகஞ் செய்தனர். அவ்வாறு வளர்ந்த மரபிலே நாதஸ்வர வித்துவான் என். கே. பத்மநாதன் தோன்றி ஊரின் பெயரைத் தம் பெயருக்கு முன் தாங்கினார். 1975இல் மறைந்த தவில் மேதை வி. தெட்சணாமூர்த்தி கடல் கடந்து சென்று, தமிழகத்து முன்னணி நாதஸ்வர வித்துவான்களுக்கு வாசித்து அவர்தம் பாராட்டைப் பெற்றார். அழைத்தவர்க்கு ஆன செலவு வீண்போகவில்லை. அது வீண்போகாமைக்குக் காரணம், பந்தலில் நம் பிள்ளைகளுக்கும் ஓர் இடம் இருந்தமையே.

துடுப்பாட்டத்திலும் இது ஒருமுறை நிகழ்ந்துவிட்டது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பயின்ற விஜயகாந்த் வியாஸ்காந்த், லெக் பிரேக் சுழற்பந்து வீச்சாளர். 2020 டிசம்பர் 4ஆம் நாள், தமது பத்தொன்பதாம் பிறந்தநாளுக்கு முதல் நாள், யாழ் அணிக்கு ஆடக் களமிறங்கினார். அன்று அவர் வீழ்த்தியது இலங்கை அணியின் முன்னாள் தலைவர் அஞ்சலோ மத்யூஸின் விக்கெட்டை. அப்பருவத்தில் அவரோடு ஒரே அணியில் சுழற்பந்து வீசியவர் ஹசரங்க. 2023இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவிலே வியாஸ்காந்த் இலங்கை அணிக்கு ஆடினார். 2024இல் ஹசரங்க காயமுற்றபோது, அவருக்குப் பதிலாக ஹைதராபாத் சன்ரைசர்ஸ் அணி அழைத்தது இந்த யாழ் இளைஞரையே. முத்தையா முரளிதரன் சுழற்பந்துப் பயிற்றுநராக இருந்த அணி அது. எந்த வித்துவான் அருகில் இருந்து கேட்டாரோ, அந்த வித்துவானின் ஆசனத்திலேயே அமர்ந்து வாசித்தார் எனலாம்.

ஒருவர் வந்தார். இரண்டாமவர் எங்கே? திறமை இன்மையால் அவர் வராமல் இல்லை. மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் பொருதிவரும் வடக்கின் பெரும் போரையும், யாழ் இந்துவும் கொக்குவில் இந்துவும் மோதும் இந்துக்களின் சமரையும் கண்டோர் அவ்வாறு கூறார். நம் பிள்ளைகள் நெடுங்காலம் பாய் விரித்த ஆடுகளத்தில் ஆடிப் பழகினர். தெற்கிலோ புற்றரை ஆடுகளம். பந்து எழும் உயரமும் திரும்பும் அளவும் வேறு. போர்க்காலம் முப்பது ஆண்டுகளை விழுங்கிற்று. 1995 ஒக்ரோபரில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, வீட்டைப் பூட்டிச் சென்ற பிள்ளைகள் துடுப்பையா தூக்கிச் சென்றிருப்பர்? 2025 செப்டெம்பர் 1ஆம் நாள் மண்டைதீவிலே சர்வதேசத் துடுப்பாட்ட மைதானத்துக்கு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். அடிக்கல் நன்று. அதன்மேல் ஆட்டம் நடக்கும் நாளே நமக்குத் திருநாள்.

ஆகவே எமது ஐந்தாம் பலனைச் சற்று வேறுவிதமாகக் கூறுவோம். கிண்ணம் கிடைக்குமா என்பது நம் கையில் இல்லை. வரும் பருவங்களில் யாழ் அணியின் பதினொருவருள் நம் பிள்ளைகள் இருவர் நிற்பரா என்பது பெரும்பாலும் நம் கையில் உளது. பழைய மாணவராகிய நாம் ஒரு விழா இராப்போசனத்தின் செலவைக் குறைத்தாற் கல்லூரி மைதானத்தில் ஒரு பயிற்சி வலை அமையும். கொழும்பிலும் புலம்பெயர் நாடுகளிலும் வாழ்வோர் ஒன்றுபட்டாற் புற்றரை ஆடுகளம் ஒன்றும் அமையும். விடுமுறைக் காலங்களில் நம் மாணவரைக் கொழும்புக்கு அழைத்து, அங்குள்ள புற்றரையிற் பழக்கிவிட ஒரு வீடும் ஒரு பயிற்றுநரும் போதும். பந்தலில் இடம் கிடைக்கும்போது வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஆயத்தமாக நிற்றல் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! நீவிர் எமது மூன்றில் ஒரு பங்கை நம்ப வேண்டுவதில்லை. மாலையில் மைதானத்துக்குச் சென்று ஓவர் ஒன்றை ஒழுங்காக வீசிப் பழகுமின். வாக்கியம் பொய்க்கலாம், திருக்கணிதமும் சில வேளை பிழைக்கலாம். நாள்தோறும் செய்யும் சாதகம் பொய்த்ததாக எம் ஊரில் எவரும் கூறக் கேட்டிலேம்.